எழுபத்திரண்டில் ஒரு பங்கு: பெரியப்பாவின் கற்றலீனா

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. எனது பத்திரிகை வாழ்வில் எத்தனையோ ஊரடங்குகளைக் கண்டவன் நான். ஆயினும் கையில் ஊரடங்கு அனுமதிப் பத்திரம் இல்லாமல், செய்தி தேடிச் செல்லும் கடமையும் இல்லாமல், வெள்ளவத்தை வீட்டில் வெறுமனே அடைபட்டுக் கிடந்த முதல் ஊரடங்கு அதுதான். மூன்றாம் நாள் அலுமாரியின் மேலிருந்த சதுரமான பிஸ்கற் தகரப் பெட்டியை இறக்கினேன்.

எனது பெரியப்பாவின் மகன் அவ்வருடம் தைப்பொங்கலன்று அதைக் கொண்டுவந்து தந்திருந்தார். “நீங்கள்தானே உந்தப் பழைய விமானங்களைப் பற்றி எழுதுறனீங்கள், அண்ணை. இதைத் திருத்தித் தாங்கோ” என்பது அவரது வேண்டுகோள். பெட்டிக்குள் இருந்தது, இரண்டாக முறிந்த இறகும், ஒரு மிதவை காணாமற்போன நிலையும், மஞ்சள் பூத்த கண்ணாடிக் குமிழ்களுமாக ஒரு பிளாஸ்ரிக் விமானம். கற்றலீனா என்னும் பறக்கும் படகின் மாதிரி. உண்மை விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு.

இந்த எழுபத்திரண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி. அவ்வளவுதான் விடயம். ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரப் பொம்மை ஆவான். ஆங்கிலேயரின் அடிக்கணக்கில் பிறந்த அளவு அது. 1930களின் தொடக்கத்தில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற பெயரில் மரத்தாலான மாதிரி விமானப் பெட்டிகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தபோது இந்த அளவு நிலைபெற்றது. 1936இல் ‘புறொக்’ நிறுவனத்தார் ‘பெங்குயின்’ என்ற பெயரில் பிளாஸ்ரிக்கில் பாகம் பாகமாக வார்த்து விற்ற மாதிரிகளும் இதே அளவுதான். பறக்கும் மாதிரிகளுக்குத் தவளையின் பெயரையும், பறக்காத மாதிரிகளுக்குப் பறக்காத பறவையின் பெயரையும் வைத்த அந்த மனிதர்களின் நகைச்சுவையை நான் இரசிக்கிறேன்.

ஆனால் இந்த அளவை உலகெங்கும் பரப்பியது விளையாட்டு அல்ல, போர். வானில் தோன்றும் கரும்புள்ளி நண்பனா எதிரியா என்று அறிவதே வான்பாதுகாப்பின் முதற்பாடம். அப்பாடம் தவறினால் என்ன நடக்கும் என்பதைப் பிரித்தானியர் போர் தொடங்கி நான்காம் நாளே கண்டனர். 1939 செப்டெம்பர் 6ஆம் திகதி அவர்களது ஸ்பிற்பயர் விமானங்கள் தங்கள் சொந்த ஹரிக்கேன்கள் இரண்டை எதிரியெனக் கருதிச் சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி இறந்தார். அமெரிக்கா போரில் இறங்கியதும், 1942இன் தொடக்கத்தில் அந்நாட்டுக் கடற்படை பாடசாலை மாணவர்களிடம் 5 இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தரும்படி கேட்டது. மரத்தில் செதுக்கி, கறுப்பு வர்ணம் பூசி, எழுபத்திரண்டில் ஒன்று என்ற அளவில். அவ்வாறான மாதிரியை 35 அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், உண்மை விமானத்தை ஏறத்தாழ அரை மைல் தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். பெருக்கிப் பாருங்கள்: 2,520 அடி வரும். பின்னர் சிக்காகோவில் பிளாஸ்ரிக்கிலும் இவை வார்க்கப்பட்டன. வகுப்பறைக் கூரைகளில் நூலில் தொங்கவிடப்பட்ட அந்தக் கறுப்பு விமானங்களைப் பார்த்துப் பார்த்தே ஒரு தலைமுறை பெயர் சொல்லப் பழகியது.

போர் முடிந்தபின் பொலிஸ்ரைரின் என்னும் மலிவான பிளாஸ்ரிக் வந்தது. எயர்பிக்ஸ் என்ற பெயரை உலகறியச் செய்த நிக்கலஸ் கோவ் ஒரு ஹங்கேரியர். முதலாம் உலகப் போரில் ரஷ்யர்களிடம் கைதியாகி, பின்னர் ஸ்பெயினில் தொழில் நடத்தி, அங்கும் உள்நாட்டுப் போர் வரவே இத்தாலி சென்று, அங்கிருந்தும் இலண்டனுக்கு ஓடிவந்த யூதர். 1939இல் காற்று நிரப்பிய இறப்பர் விளையாட்டுப் பொருட்களுடன் ஆரம்பித்தார். பிறகு சீப்பு வார்த்தார். வர்த்தகப் பெயர்ப்பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பதற்காகவே ‘எயர்பிக்ஸ்’ என்று பெயர் வைத்தார் என்பார்கள். புலம்பெயர்ந்து கடை வைத்த நம்மவர் பலருக்கு இந்தச் சூட்சுமம் புதிதல்ல.

1952இல் வூல்வேர்த் கடைகளுக்காக அந்நிறுவனம் ஒரு சிறிய பாய்க்கப்பலை வார்த்தது. இரண்டு சிலிங் விலைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியைக் கைவிட்டு, பொலித்தீன் பையில் இட்டு, மேலே ஒரு கடதாசியை மடித்துக் குத்தி விற்றார்கள். பின்னர் அதே விலையில் ஸ்பிற்பயர் வந்தது. அதில் இருந்த அடையாள எழுத்துகள் தவறு, உருவமும் அவ்வளவு சரியல்ல என்று விபரம் தெரிந்தவர்கள் குறை கூறினர். பையன்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்பாமார் போரில் ஓட்டிய, பழுதுபார்த்த, அல்லது பயந்து ஒளித்த விமானங்களைப் பிள்ளைகள் சமையலறை மேசையில் ஒட்டத் தொடங்கினர். பெட்டிகளின் மேல் றோய் குறொஸ் போன்ற ஓவியர்கள் தீப்பற்றி எரியும் எதிரி விமானங்களைத் தத்ரூபமாக வரைந்தார்கள். பிற்காலத்தில் அந்த வெடிப்புகளும் தீயும் சிறுவர்களுக்கு உகந்தவையல்ல என்று ஓவியங்களிலிருந்து நீக்கப்பட்டன. விமானம் இருந்தது, குண்டு மட்டும் மறைந்தது.

பெரியப்பாவின் கற்றலீனா 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து வந்தது. அவர் சீனன்குடா விமானத் தளத்தின் பண்டகசாலையில் எழுதுவினைஞராக இருந்தவர். 1957இல் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் கையளித்துச் சென்றபோது அவருடன் வேலை செய்த ஒருவர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அவர் அனுப்பிய பார்சல் அது. ஒட்டுவதற்குப் பசை உள்ளே இருந்தது. வர்ணம் இருக்கவில்லை. மீன்பிடி வள்ளங்களுக்குப் பூசும் எனாமல் வர்ணத்தில் வெள்ளையும் நீலமும் கறுப்பும் கலந்து, நீலஞ்சேர்ந்த சாம்பல் நிறம் ஒன்றை அவரே உண்டாக்கினார். சக்கரங்களை வெளியே நீட்டியபடி ஒட்டினார். மூக்கின் பக்கத்தில், விமானி அமரும் இடத்துக்குச் சற்று முன்னால், சிறு தூரிகையால் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு முக்கோணம் தீட்டினார். பெட்டியுடன் வந்த அடையாளப் படங்களில் அப்படியொரு முக்கோணம் இல்லை.

“விமானத்துக்கும் பொட்டு வைச்சுப்போட்டார் உங்கட பெரியப்பா” என்று பெரியம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். ஏன் அப்படித் தீட்டினீர்கள் என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும்.

இனி, நான் அந்த விமானத்தை என்ன செய்ய நினைத்தேன் என்பதற்கு வருகிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஏப்ரல் மாதம் பிறந்தால் ஞாயிறு இதழுக்கு நான் ஒரு கட்டுரை எழுதுவது வழக்கம். 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கல ஏரியிலிருந்து புறப்பட்ட ஒரு கற்றலீனா, இலங்கைக்குத் தெற்கே சுமார் 350 மைல் தொலைவில் ஜப்பானியக் கடற்படையின் பெருந்தொகுதியைக் கண்டது. அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் அவை. விமானத்தின் தலைவர் லெனார்ட் பேர்ச்சல், கனடியர். அவரது 413ஆம் அணி ஸ்கொட்லாந்தின் வடகோடியிலுள்ள ஷெற்லாந்துத் தீவுகளிலிருந்து கொக்கலவுக்கு வந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. அவர் வந்து இரண்டு நாள். வானொலியில் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய சீரோ விமானங்கள் சூழ்ந்து சுட்டன. கற்றலீனா கடலில் வீழ்ந்தது. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். அறுவர் கைதிகளாகி ஜப்பானிய முகாம்களில் போர் முடியும்வரை துன்புற்றனர். பேர்ச்சல் 2004 செப்டெம்பரில் கனடாவில் காலமானார். அவரை ‘இலங்கையின் இரட்சகர்’ என்று அழைப்பது இங்கு மரபாகிவிட்டது.

அவர் அனுப்பிய எச்சரிக்கையால் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்கூட்டியே வெளியேறின. மறுநாள், உயிர்த்த ஞாயிறு, காலை ஏழரை மணியளவில் நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேல் வந்தன. எச்சரிக்கை கிடைத்திருந்தும் இரத்மலானையில் விமானங்கள் தரையில் நின்றிருக்கையிலேயே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான் என்பது இந்த வரலாற்றின் சங்கடமான பக்கம். குதிரைப் பந்தயத் திடலில் ஓர் ஓடுபாதை இருந்தது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து ஹரிக்கேன்கள் எழுந்தன. திருகோணமலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆறு சுவோர்ட்பிஷ் விமானங்கள் நடுவில் அகப்பட்டு ஆறுமே வீழ்ந்தன. அன்று பிற்பகல் டோர்செற்ஷயர், கோர்ன்வோல் ஆகிய இரு போர்க்கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கின. 424 மாலுமிகள் இறந்தனர்.

ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையின் முறை. பெரியப்பாவுக்கு அப்போது 16 வயது. குண்டு விழும் ஓசைக்கு முன்பே காகங்கள் எழும்பிவிட்டன என்பார் அவர். எண்ணெய்க் குதம் எரிந்த புகையை நாட்கணக்கில் கண்டதாகவும் சொல்வார். முதல்நாள் இரவு திருகோணமலையிலிருந்து தப்பித் தெற்கே சென்ற ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், தன்மேல் ஒரு விமானமும் இல்லாத நிலையில் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. துணைக்குச் சென்ற வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் அதனுடன் போயிற்று. ஹேர்மிஸில் மட்டும் 307 பேர் இறந்தனர். கல்லடிக் கடலுக்கு அப்பால் ஆழத்தில் இன்றும் அது கிடக்கிறது.

இவற்றையெல்லாம் திரும்பத் திரும்ப எழுதியவன் என்ற உரிமையில், பெரியப்பாவின் உடைந்த மாதிரியைப் பேர்ச்சலின் விமானமாக மாற்றிவிடலாம் என்று தீர்மானித்தேன். பழைய வர்ணத்தை முற்றாகச் சுரண்டி எடுத்து, சாம்பலும் கரும்பச்சைச் சாம்பலும் கலந்த பிரித்தானியக் கடல் வர்ணம் பூசி, பக்கத்தில் அவரது அணியின் எழுத்துகளை இடுவது. ஒரேயொரு தடை சக்கரம். பேர்ச்சல் ஓட்டியது முதல்வகைக் கற்றலீனா. அது நீரில் இறங்கி நீரில் எழும் தூய படகு. அதற்குச் சக்கரம் கிடையாது. எயர்பிக்ஸ் வார்த்ததோ நிலத்திலும் இறங்கக்கூடிய பிந்திய வகை. ஆகவே உடற்பகுதியின் இருபுறமும் உள்ள சக்கரக் குழிகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்தபின் அரத்தாளால் தேய்த்து மட்டப்படுத்த வேண்டும். பெரியப்பா இதை அறியாமல் சக்கரங்களை ஒட்டிவிட்டார், பாவம், அவர் என்ன செய்வார், பெட்டியில் வந்ததைத்தானே ஒட்டுவார் என்று எண்ணிக்கொண்டேன்.

பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு அப்போது 85 வயது. தெகிவளையில் மகனுடன் இருந்தார்.

“எல்லாத்தையும் சுரண்டப் போறியோ, தம்பி?”

“ஓம் பெரியம்மா. சரியான மாதிரிப் பூசவேணுமெண்டால் சுரண்டத்தான் வேணும்.”

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “பொட்டை மட்டும் அழிக்காதை” என்றார்.

நான் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போனேன். இலங்கையின் இரட்சகர் பறந்த விமானத்தில் பொட்டுக்கு எங்கே இடம்?

இவ்விடத்தில் அந்த விமானம் எப்படி உடைந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1980களின் நடுப்பகுதியில் திருகோணமலையில் இருக்க முடியாத நிலை வந்தபோது பெரியப்பா குடும்பம் பெரியம்மாவின் ஊரான கொக்குவிலுக்கு வந்தது. கற்றலீனாவும் வந்தது. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் பயின்ற காலம் முழுவதும் அவர்கள் வீட்டில்தான் தங்கினேன். முன் விறாந்தையில் தங்கூசியில் அது தொங்கியது. சோளகம் வீசும்போது மெல்லத் திரும்பும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்தார் அக்காலத்தில் விமானங்களைக் காதால் இனங்காணப் பழகினர். இரைந்துகொண்டு குத்துவது ‘பொம்பர்’. மெல்ல ஊர்ந்து வந்து பீப்பாக் குண்டு உருட்டுவது ‘சகடை’. ஹெலியின் ஓசை தனி. கிபிர் பின்னாளில், 1996இல் வந்தது. ஓசைக்கு முன்பே அது வந்துவிடும் என்பார்கள். அமெரிக்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கூரையில் தொங்கிய கறுப்பு மாதிரிகள் தந்த பாடத்தை எங்கள் பிள்ளைகளுக்கு உண்மை விமானங்களே தந்தன. முற்றத்தில் ‘ட’ வடிவில் வெட்டிய பதுங்குகுழிக்குள் பெரியப்பா தலையைச் சாய்த்துக் கேட்பார். “இது அவ்ரோ. சுத்திப் போட்டுத்தான் வருவான். ஐஞ்சு நிமிசமிருக்கு” என்பார். அயலவர்களும் எங்கள் குழிக்குள் வரத் தொடங்கினர். குழியின் பலத்தை நம்பி அல்ல, அவரது காதை நம்பி.

ஒருநாள் பக்கத்து வீட்டுச் சிறுமி விறாந்தையில் தொங்கிய கற்றலீனாவைக் கண்டு வீரிட்டு அழுதாள். அன்றே பெரியப்பா தங்கூசியை அறுத்து அதை இறக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். மறுபடி அது தொங்கவில்லை. 1993இல் அவர் காலமானார்.

1995 ஜூலை 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்த மக்கள்மேல் குண்டு விழுந்தபோது நான் கொழும்பில், பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்தேன். ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் வெளியேறியது. பெரியம்மா எடுத்துச் சென்றது ஒரு துணிப்பையும் இந்தப் பிஸ்கற் பெட்டியும். பெட்டிக்குள் காணி உறுதி, பெரியப்பாவின் ஓய்வூதியப் பத்திரம், கற்றலீனா. மழையிலும் நெரிசலிலும் உடைந்திருக்கும் என்றே நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். ஊரடங்கு நாட்களில் ஒருமுறை தொலைபேசியில் இறகைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் அவர் வாய் திறந்தார்.

“அது தானா உடையேல்லைத் தம்பி. மூடி பூட்டுப்படேல்லை. நான்தான் முறிச்சனான்.”

கற்றலீனாவின் இறகு 104 அடி. எழுபத்திரண்டால் வகுத்தால் 17 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. உடல் பத்தரை அங்குலம். உடலைப் பெட்டியின் மூலைக்கு மூலை சாய்த்து வைக்கலாம். இறகு எப்படியும் உள்ளே போகாது. பாலத்தடியில் சனம் தள்ளும்போது முழங்காலில் வைத்து முறித்தாராம். இருபத்தைந்து ஆண்டுகள் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் கொழும்புக்கு வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இளம் சிப்பாய் ஒருவன் பெட்டியைத் திறந்து, இரண்டு துண்டு இறகையும் எடுத்துப் பொருத்திப் பார்த்து, விசிறியை விரலால் ஒருமுறை சுழற்றிவிட்டு மூடித் தந்தானாம். அதையும் அன்றுதான் சொன்னார்.

நான் வேலையைத் தொடங்கினேன். முறிந்த விளிம்புகளிலிருந்து வர்ணத்தைப் பிளேட்டால் சுரண்டினேன். வர்ணத்தின் மேல் பசை பிடிக்காது. பிளாஸ்ரிக்கை உருக்கி ஒன்றாக்கும் திரவப் பசையே இதற்கு ஏற்றது. இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நுனித் தூரிகையால் பொருத்தின் ஓரத்தைத் தொட்டால் போதும், திரவம் தானாக உள்ளே ஓடிவிடும். மூக்கின் அடிப்பகுதியில் பொருத்து விட்டிருந்தது. உள்ளே ஏதோ உருண்டு சத்தமிட்டது. திறந்து பார்த்தபோது மீன்வலையில் கோக்கும் ஈயக் குண்டுகள் நான்கு. மூக்குச் சக்கரத்தில் நிற்கும் விமானமாகையால் முன்பக்கம் பாரமில்லாவிடில் வாலில் குந்திவிடும். திருகோணமலையில் கிடைத்ததைக் கொண்டு சமாளித்திருக்கிறார். அந்த ஈயத்தையே மீண்டும் பசை வைத்து இறுக்கினேன்.

ஏப்ரல் நடுப்பகுதியில், சுரண்டும் கட்டம் வந்தது. அதற்கு முன் ஒருமுறை எல்லா விபரங்களையும் சரிபார்த்துக்கொள்வோம் என்ற பழைய பத்திரிகைப் பழக்கத்தில், இலங்கையில் இயங்கிய கற்றலீனா அணிகள் ஒவ்வொன்றினதும் வரலாற்றை வாசித்தேன். 205, 413 எல்லாம் எனக்குத் தெரிந்தவை. 321ஆம் அணி என்ற பெயரைக் கண்டு நின்றேன். 1942 ஆகஸ்ட் மாதத்தில் சீனன்குடாவில் மீள உருவாக்கப்பட்ட அணி. ஆட்கள் யாவரும் ஒல்லாந்தர்.

ஒல்லாந்தர் என்றால் நமது பாடப்புத்தகத்தில் 1796உடன் கோட்டைகளை விட்டுவிட்டு மறைந்துபோனவர்கள். ஆனால் 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது, அங்கிருந்த நெதர்லாந்துக் கடற்படையின் கற்றலீனாக்களில் எஞ்சியவை இந்து சமுத்திரத்தைக் கடந்து தப்பின. சில அவுஸ்திரேலியாவுக்கு, சில இலங்கைக்கு. தாய்நாடு ஜேர்மனியர் கையில், குடியேற்ற நாடு ஜப்பானியர் கையில். போவதற்கு இடமில்லாத அந்த விமானிகளும் பொறியியலாளர்களும் திருகோணமலையில் தங்கி, 1945வரை சீனன்குடாவிலிருந்து சமுத்திரத்தைக் காவல் செய்தனர். அவர்கள் நாடு வாங்கிய கற்றலீனாக்களில் படகு வகையும் இருந்தது, சக்கரம் பூட்டிய வகையும் இருந்தது. நெதர்லாந்து இராணுவ விமானங்களின் அக்கால அடையாளம் செம்மஞ்சள் முக்கோணம்.

கதிரையை விட்டு எழுந்து விறாந்தையில் சிறிது நேரம் நடந்தேன். வீதியில் ஒரு வாகனமும் இல்லை.

பெரியப்பா அத்தளத்தில் முதன்முதல் வேலைக்குச் சேர்ந்தது 1942 முடிவில், பெற்றோல் தகரங்களைச் சுமக்கும் பையனாக. அதை அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். யாருடைய விமானங்களுக்குச் சுமந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. வெள்ளைக்காரர் என்றால் ஆங்கிலேயர் என்று முடிவு கட்டியிருந்தேன். அவர் பெட்டியில் வந்ததை ஒட்டவில்லை. கண்ணால் கண்டதைச் செய்தார். எனது இருபது ஏப்ரல் கட்டுரைகளிலும் 321ஆம் அணியைப் பற்றி ஒரு வரி கிடையாது. எனது கையில் பிளேட் இருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் அந்த முக்கோணம் தூளாகப் போயிருக்கும்.

அதன்பின் வேலை வேறு விதமாயிற்று. சக்கரக் குழியை அடைக்க வாங்கி வைத்திருந்த பட்டியைத் தொடவில்லை. மேற்பரப்பைச் சவர்க்கார நீரில் தோய்த்த துணியால் மட்டும் துடைத்தேன். தூரிகைத் தடம் தெரியும் அந்த வள்ள வர்ணத்தை அப்படியே விட்டேன். சுரண்டிய விளிம்புகளுக்கு மாத்திரம் நிறம் சேர்க்க வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டில் அந்தச் சாம்பல் மஞ்சளோடிப் போயிருந்ததால், புதிய வர்ணத்தில் சொட்டு மண்ணிறம் கலந்து, காயவிட்டுப் பார்த்து, மறுபடி கலந்து, ஐந்தாம் முறைதான் ஒத்துவந்தது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் இன்னொரு நிறம் காட்டுவது எனாமலின் குணம். கண்ணாடிக் குமிழ்களைப் பற்பசை தொட்ட பருத்தித் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். முழுத் தெளிவு வரவில்லை. உள்ளே ஆள் இருந்தால் தெரியும் அளவுக்கு வந்தது.

காணாமற்போன மிதவைதான் பெரும் வேலை. கற்றலீனாவின் மிதவைகள் பறக்கும்போது மேலே மடிந்து இறகின் நுனியாகவே ஆகிவிடும். அழகான ஏற்பாடு. ஊரடங்கில் கடை இல்லை, பிளாஸ்ரிக் தகடு வாங்க வழியில்லை. யோகட் கோப்பை பொலிஸ்ரைரின் என்பது நினைவுக்கு வந்தது. நான்கு கோப்பைகளை வெட்டி, தட்டையான துண்டுகளை ஒன்றன்மேலொன்றாக ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு, எஞ்சியிருந்த இடது மிதவையை அருகில் வைத்துக்கொண்டு அராவினேன். தாங்கு கால்களுக்குப் பழைய பிளாஸ்ரிக் குச்சியை மெழுகுதிரிச் சுடரில் வாட்டி இழுத்தேன். அதிகம் வாட்டினால் அறுந்துவிடும், குறைவாக வாட்டினால் முறியும். முதல் மிதவை சற்றுப் பருத்துவிட்டதால் இரண்டாவதும் செய்ய வேண்டியதாயிற்று.

இறகை மட்டும் ஒட்டவில்லை. முறிந்த இரு முகங்களிலும் மெல்லிய துளைகளிட்டு, ஒரு பக்கத்தில் பித்தளைக் கம்பித் துண்டுகளை இறுக்கினேன். சேர்த்து அழுத்தினால் பொருந்தும், மெல்ல இழுத்தால் கழலும். மாதிரி விமானம் செய்வோர் இதைக் கண்டால் நடுவில் தெரியும் கோட்டைக் குறை சொல்வார்கள்.

ஊரடங்கு தளர்ந்தபின் தெகிவளைக்குக் கொண்டுபோனேன். மேசையில் முழுதாக நிற்கவைத்தேன். ஒல்லாந்தர் கதையைச் சொன்னேன். பெரியம்மா முகத்தில் பெரிய வியப்பு எதுவும் தெரியவில்லை. “அந்தாள் கண்டதைத்தானே வைச்சிருக்கும்” என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு இறகின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பெட்டிக்குள்ள போகுமோ?”

கழற்றிக் காட்டினேன். இரண்டு துண்டும் உள்ளே போயின. உடலை மூலைக்கு மூலை வைத்து மூடியை அழுத்தினார். பூட்டிக்கொண்டது.